லார்ஜ் பார்மட்டுக்குப் போகலாமா என்று கேட்கும் தம்பிகளுக்கு

பிலிமில் படம் எடுக்கும் தம்பி தங்கைகள் நம்ம ராமநாதபுரம் பக்கமும் இப்போது கொஞ்சம் பேர் சேர்ந்திருக்கிறார்கள். தாத்தாவின் யாஷிகாவைத் தூசி தட்டி எடுத்தவர்கள், அப்பாவின் ஸ்டுடியோ மூலையில் கிடந்த நிக்கானை ரிப்பேர் பார்த்து ஓட்டுபவர்கள். கொஞ்ச நாள் ரோல் பிலிம் ஓட்டியதும் எல்லோரிடமிருந்தும் ஒரே கேள்வி வருகிறது. "அண்ணே, 4×5-க்குப் போயிரலாமா?" 4×5 இன்ச் அளவிலோ அதற்கு மேலோ ஷீட் பிலிமை ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்கும் பெரிய கேமராவைத்தான் லார்ஜ் பார்மட் என்கிறோம். இன்பாக்ஸில் ஆளுக்கொரு பதில் எழுதுவதைவிட இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எடுக்க நினைப்பது உங்களுக்காகக் கொஞ்ச நேரம் நிற்குமா? நிற்கும் என்றால் தாராளமாகப் போங்கள். நிற்காது என்றால் கையில் இருக்கும் கேமராவே போதும். கூர்மை, டோன், நெகட்டிவ் சைஸ் பற்றிய பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சைஸ் கணக்கை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் எல்லோரும் அதில்தான் மயங்குகிறார்கள். 16×20 இன்ச் பிரிண்ட் போட வேண்டும் என்றால் 35 மிமீ நெகட்டிவை ஏறக்குறைய 17 மடங்கு பெரிதாக்க வேண்டும். ரோல் பிலிமில் 6×7 செமீ நெகட்டிவ் என்றால் 7 மடங்கு. 4×5 என்றால் வெறும் 4 மடங்கு. 35 மிமீ-யிலிருந்து வருபவருக்கு இது பெரிய தாவல். ஆனால் நல்ல 6×7 கேமரா வைத்திருக்கிறவர், அந்த பிரிண்டைச் சுவரில் மாட்டிவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தால், எது எந்த நெகட்டிவ் என்று சொல்வது கஷ்டம். போன் திரையில் போடுவதற்காக எடுக்கிறீர்கள் என்றால் வித்தியாசம் அறவே தெரியாது. பிரிண்ட் போடும் எண்ணமே இல்லாதவர்கள் கூர்மைக்காக 4×5 வாங்குவது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் எதற்கு லார்ஜ் பார்மட்? எனக்கு இரண்டு காரணங்கள்.

முதல் காரணம், லென்ஸையும் பிலிமையும் தனித்தனியாகச் சாய்க்கவும் ஏற்றவும் இறக்கவும் முடிவது. மண்டபம் வடகடல் பக்கம் காலையில் வலை காயப் போட்டிருப்பார்கள். காலடியிலிருந்து தொடங்கி வல்லம் (மீன்பிடிப் படகு) நிற்கும் இடம் வரை ஒரே விரிப்பாகக் கிடக்கும். அந்த வலையை முழுக்கக் கூர்மையாக எடுக்க ரோல் கேமராவில் லென்ஸின் துவாரத்தைச் சின்னதாக்கிக்கொண்டே போக வேண்டும். அப்படியும் முன்னால் இருக்கும் கண்ணி கலங்கித்தான் விழும். 4×5-ல் 150 மிமீ லென்ஸ் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். லென்ஸை மட்டும் சுமார் 6 டிகிரி முன்னால் சாய்த்தால் போதும், கூர்மை விழும் தளம் அப்படியே மணலோடு படுத்துவிடும். கருப்புத் துணிக்குள் தலையை விட்டு, கேமராவின் பின்னால் படம் விழும் மங்கல் கண்ணாடியில் (கிரவுண்ட் கிளாஸ்) லூப் என்ற பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டே சாய்க்க வேண்டும். தலைகீழாகத் தெரியும் படத்தில் முதலில் தூரத்து வல்லம் தெளியும், பிறகு நடுவில் மிதவைகள், கடைசியில் காலடியில் கிடக்கும் கண்ணியின் முடிச்சு. முடிச்சில் ஒட்டியிருக்கும் மீன் செதில்கூடத் தெரியும். இவ்வளவும் எஃப் 16 துவார அளவிலேயே.

ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளுக், வானிலிருந்து எடுத்த படங்களைச் சரிசெய்வதற்காக 1904-ல் காப்புரிமை வாங்கிய விதி இது. அவர் பெயரில்தான் இன்றும் சொல்கிறோம். ஒரு எச்சரிக்கை: தளம் படுத்துவிட்டால் உயரமான பொருள் கலங்கும். வலை தெளிந்திருக்கும், வல்லத்துக் கம்பத்தின் உச்சி தெளியாது. எது முக்கியம் என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும்.

கட்டடம் எடுப்பவர்களுக்கு லென்ஸை மேலே ஏற்றும் வசதி ஒன்றே போதும், போட்ட காசுக்கு அதுவே ஈடாகிவிடும். கீழக்கரையின் பழைய ஜும்ஆ பள்ளிவாசல் கோயில் கட்டும் முறையில் கருங்கல்லில் கட்டியது. அந்தத் தூண்களைச் சாதாரண கேமராவில் அண்ணாந்து எடுத்தால் எல்லாம் உள்பக்கம் சாய்ந்து விழும். இதில் கேமராவை நேராக வைத்துவிட்டு லென்ஸை மட்டும் உயர்த்தினால் தூண் தூணாக நிற்கும். (ராமேஸ்வரம் கோயில் பிரகாரத்தைவிட இதற்குப் பொருத்தமான இடம் உலகத்தில் இருக்குமா தெரியவில்லை. ஆனால் உள்ளே கேமராவுக்கு அனுமதி கிடையாது, அதனால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.) தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்கு மிஞ்சிய தேவாலயச் சுவரைப் பாருங்கள். பவளக்கல்லின் ஓட்டைகள் ஒவ்வொன்றும் நிழலோடு விழ வேண்டும் என்றால் பெரிய நெகட்டிவ் உதவும். அந்தச் சுவர் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. எடுக்க நினைப்பவர்கள் தள்ளிப் போடாதீர்கள்.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரிது. இந்தக் கேமராவை வைத்து யாரையும் திருட்டுத்தனமாக எடுக்க முடியாது.

பாம்பன் சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் படம் எடுக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பறித்து வருபவர்கள் அவர்கள். நனைந்த சேலையோடு கரையேறும்போது நீள லென்ஸை வைத்துச் சரமாரியாக அடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பேர்கூடக் கேட்பதில்லை. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். 4×5-ஐத் தோளில் சுமந்து போய்க் கரையில் நிறுத்தினால் நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்று ஊருக்கே சொல்லியாக வேண்டும். அனுமதி கேட்க வேண்டும். அவர்கள் மாற்றுச் சேலை கட்டி, தலையைத் துவட்டி, எங்கே நிற்பது என்று தாங்களே முடிவு செய்து வருவார்கள். நீங்கள் போகஸ் பார்த்து, ஷட்டரை மூடி, பிலிம் இருக்கும் ஹோல்டரைச் சொருகி, அதை மூடியிருக்கும் தகட்டை உருவும் வரை அசையாமல் நிற்பதும் அவர்கள்தான். அந்தப் படத்தில் பாதி அவர்களுடையது.

ஒரு அக்கா துணிக்குள் தலையை விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்துவிட்டு வெளியே இருந்தவரிடம், "ஏத்தா, நீ தலகீழா நிக்கிற, ஆனா சேலை மட்டும் வழியல" என்று சிரித்தார். அப்புறம் என்னிடம், "தம்பி, எங்க கையி தெரியுமா இதுல? கையத்தான் எடுக்கணும்" என்றார். பாறையும் பாசியும் கிழித்த தழும்புகள் அந்த விரல்களில். கைகளை முன்னால் வைத்து எடுத்தேன். கிட்டத்தில் எடுக்கும்போது லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவில் இருக்கும் மடிப்புத் துருத்தி நீளும், வெளிச்சம் குறையும். 150 மிமீ லென்ஸுக்குத் துருத்தி 190 மிமீ வரை போனால் எக்ஸ்போஷரை ஒன்றரை மடங்குக்கும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வேண்டும். பிரிண்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

சரி, எங்கே இது உதவாது? கடலில். அலை, கரைவலை இழுக்கும் கூட்டம், ஏலத்தில் கூவுபவர்கள், துள்ளும் மீன், இதெல்லாம் ரோல் கேமராவின் வேலை. ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு நல்ல வெயிலில் எஃப் 16-ல் நொடியில் நூறில் ஒரு பங்கு கிடைக்கும். எஃப் 22 போனால் ஐம்பதில் ஒரு பங்கு. மஞ்சள் பில்டர் போட்டால் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஓடுகிற ஆளை இதில் பிடிக்க முடியாது. விடியலில் வெளிச்சம் குறைந்தால் இன்னும் மோசம். நேரம் நீள நீள பிலிம் மந்தமாகும், அதனால் லைட் மீட்டர் 10 நொடி காட்டினால் எச்பி5 பிலிமுக்கு 20 நொடி கொடுக்க வேண்டும், போமாபான் 100-க்கு அதைத் தயாரிப்பவர்களே 80 நொடி கொடுக்கச் சொல்கிறார்கள். அந்த 80 நொடியில் அலையெல்லாம் வழித்துத் துடைத்த மாதிரி ஆகிவிடும். அப்படிப் படம் சிலருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. நம்ம கடலில் அலையைப் பார்த்துத்தான் எந்தக் காற்று அடிக்கிறது என்று சொல்வார்கள், அதை அழித்துவிட்டு என்ன படம்?

காற்று இன்னொரு பெரிய விஷயம். துருத்தி காற்றில் படபடக்கும், கேமரா முழுக்க ஆடும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் பக்கம் கேமராவை விரிக்கவே வேண்டாம், வடகடல் பக்கம் பனங்காட்டு மறைவாகப் பாருங்கள். வடக்கிலிருந்து வாடை அடித்தால் நேர்மாறு. மாசி, பங்குனி இரண்டு பக்கமும் அமைதி, என் பெரும்பாலான நெகட்டிவ் அந்த மாதங்களில் எடுத்தவை. அரிச்சல்முனையில் காற்றோடு மணலும் பறக்கும், ஹோல்டர் ஒவ்வொன்றையும் ஜிப் கவரில் போட்டுக் கொண்டு போங்கள். ட்ரைபாட் கால் மணலில் இறங்காமல் இருக்கக் காலுக்கு ஒன்றாகச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தால் நன்றாக நிற்கும். பாம்பன் சாலைப் பாலத்தின் மேலிருந்து 2025-ல் திறந்த புதிய ரயில் பாலத்தை எடுக்கும் ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. லாரி போனால் பாலத்தின் அதிர்வு காலில் ஏறும், வண்டி இல்லாத இடைவெளிக்குக் காத்திருந்து சின்ன எக்ஸ்போஷரில் எடுங்கள்.

வீட்டு வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், வெளிநாட்டு வீடியோக்களில் இதெல்லாம் வராது. புத்தகத்தில் பிலிம் கழுவும் டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். நம்ம ஊர் மாடித் தொட்டித் தண்ணீர் சித்திரையில் 35-ஐத் தாண்டும். ஐஸ் போட்டு 20-க்கு இழுக்க மெனக்கெடாதீர்கள். 24-ல் பிடித்து நேரத்தைக் குறையுங்கள், 20 டிகிரியில் 10 நிமிடம் என்றால் 24-ல் சுமார் 7 நிமிடம். எல்லாத் தண்ணீரும் ஒரே சூட்டில் இருப்பதுதான் முக்கியம். போர் தண்ணீர் உப்பு, அதில் கழுவி அப்படியே காயப் போட்டால் பிலிமில் வெள்ளைத் திட்டு விழும். கடைசி அலசலுக்கு பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். குடம் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் ஊரில் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் கழுவுவது நியாயமே இல்லை. டாங்கில் தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்து ஊற்று, மறுபடி நிரப்பி 10 முறை, மறுபடி 20 முறை. பிலிம் தயாரிக்கும் இல்போர்டு சொல்லும் முறைதான் இது, மூன்று நாலு லிட்டரில் வேலை முடிந்துவிடும். ஹோல்டரில் பிலிம் ஏற்றுவதை விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் சேஞ்சிங் பேக் என்ற இருட்டுப் பைக்குள் கை வேர்த்து, விரல் ரேகை பிலிமில் அப்படியே பதிந்துவிடும்.

பணம். ஷீட்டும் கெமிக்கலும் சேர்த்தால் ஒரு முறை ஷட்டர் அழுத்துவதற்கு ஒருவர் ஹோட்டலில் மீன் சாப்பாடு சாப்பிடும் காசு ஆகிறது. உதகையில் 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இன்று ஓடிக்கொண்டிருந்தால் நமக்கு இந்த நிலை இல்லை. அவர்களுடைய 'இந்து' பிலிம் வாங்கி வேலை பார்த்த ஸ்டுடியோக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், இன்னும் வருத்தத்தோடு பேசுவார்கள். இப்போது எல்லாமே வெளிநாட்டுச் சரக்கு. சிலர் எக்ஸ்ரே பிலிமை வெட்டிப் போடச் சொல்கிறார்கள். மலிவுதான், சிவப்பு விளக்கில் பார்த்துக்கொண்டே கழுவலாம், சுவருக்கும் கல்லுக்கும் பழகுவதற்கு நல்லது. இரண்டு பக்கமும் மருந்து பூசியிருப்பதால் டிரேயில் சுலபமாகக் கீறல் விழும், அடியில் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் முகத்துக்கு வேண்டாம் என்பேன். அந்த பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. வெயிலில் உழைத்த நம்ம ஆட்களின் முகத்தை அது இன்னும் இருட்டாக்கி, உதட்டைக் கரியாக்கிவிடும். கேமராவுக்கு முன்னால் நம்பி நிற்பவருக்கு நல்ல பிலிம் போடுவதுதான் மரியாதை.

8×10 பற்றிக் கேட்பவர்களுக்கு: வேண்டாம். ஒவ்வொரு ஷீட்டும் 4×5 போல நாலு மடங்கு பரப்பு, செலவும் எடையும் அதற்கேற்ப. நம்ம காற்றில் அந்தத் துருத்தி நிற்காது. ஆலப்புழையில் தேக்கில் செய்த வாகீஸ்வரி மாதிரி பழைய ஸ்டுடியோ மரக் கேமரா கிடைத்தால் வாங்க அவசரப்படாதீர்கள். அந்தக் காலத்துக் கேமராக்களில் பல கண்ணாடி பிளேட்டுக்குச் செய்தவை, இன்றைய ஹோல்டர் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். கேமரா எதுவானாலும் இருட்டு அறையில் துருத்திக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, வெளியே ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள். லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்றும் பாருங்கள், கடலோரத்தில் இருந்த லென்ஸ் என்றால் இரண்டு முறை.

வாங்குவதற்கு முன்னால் ஒரு முறையாவது தொட்டுப் பார்க்க நினைப்பவர்கள் மாசியில் மண்டபம் வாருங்கள். கேமரா, ட்ரைபாட், இரண்டு ஹோல்டர் நான் தருகிறேன். பிலிமும், யாரை எடுக்கப் போகிறீர்களோ அவரிடம் கேட்டு வாங்கிய சம்மதமும் நீங்கள் கொண்டு வர வேண்டும். முந்தின நாளே மெசேஜ் போட்டுவிடுங்கள், விடிகாலையில் பிலிம் ஏற்றிவிட்டுப் புறப்படலாம்.