டெக்கிலா பாட்டில்ல புழு இருக்கணுமா?

"அடியில புழு கிடந்து, புகை வாசனை தூக்கலா வந்தா தான் ஒரிஜினல் டெக்கிலா"ன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. ரெண்டுமே தப்புங்க. புழு போடுறது மெஸ்கால்ங்கிற இன்னொரு மெக்சிகோ சாராயத்துல, அதுவும் ஒருசில பிராண்டு மட்டும் தான்.

புகை எங்கேருந்து வருதுன்னா, மெஸ்காலுக்கு அகாவே கத்தாழையோட அடிக்கட்டையை மண்ணுல குழி தோண்டி, விறகு எரிச்சு சூடேத்துன கல்லு மேல அடுக்கி, மூடி நாள்கணக்கா வேகவிடுவாங்க, அந்தப் புகை உள்ளயே இறங்கிடும். டெக்கிலாவுக்கு நீல அகாவேயை செங்கல் அடுப்புலயோ ஆட்டோகிளேவ்ங்கிற பெரிய பிரஷர் குக்கர் மாதிரி கலத்துலயோ ஆவியில அவிக்கிறாங்க, அதனால பெரும்பாலும் புகையே இருக்காது. சியெம்ப்ரா வாயெஸ் ஆன்செஸ்ட்ரல் மாதிரி சில டெக்கிலாவுக்கு மட்டும் பழையபடி குழியில சுடுறாங்க, அதுல புகை வரும், அதை உப்பு எலுமிச்சையோட ஒரே மடக்குல அடிச்சிடாதீங்க ப்ளீஸ், கொஞ்சமா நாக்குல வச்சா சுட்ட சக்கரவள்ளிக்கிழங்கு இனிப்பு, மிளகு காரம், கடைசில தான் புகைன்னு ஒண்ணொண்ணா வரும். அன்யேஹோன்னு சொல்ற பீப்பாய்ல ஊறவச்ச டெக்கிலால வர்ற மர வாசனை வேற, அது குறைஞ்சது 1 வருஷம் ஓக் பீப்பாய்ல கிடந்ததால வர்றது.

ஒரிஜினலான்னு பாக்கணும்னா லேபிள்ல 100% அகாவேன்னு இருக்கா பாருங்க, இல்லன்னா புளிக்க வைக்கிற சர்க்கரைல 49% வரைக்கும் அகாவே இல்லாத வேற சர்க்கரை இருக்கலாம், சட்டமே அதை அனுமதிக்குது.