ருத்தேனியம் செய்யும் வேலையை இரும்பு செய்யுமா?

2025 அக்டோபர் 8 அன்று வேதியியலுக்கான நோபல் பரிசு சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமர் யாகி ஆகிய மூவருக்கும் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து, உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் கோத்த நுண்துளைப் பொருட்களான உலோக–கரிமக் கட்டமைப்புகளைப் பற்றி நண்பர்கள் பலர் தமிழில் எழுதிவருவதைப் பார்த்து மகிழ்கிறேன். பாலைவனக் காற்றிலிருந்து குடிநீர் எடுப்பதும், ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரிப்பதும் அந்தப் பதிவுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. இரண்டும் உண்மையான சாதனைகளே. ஆனால் உலோகமும் கரிம மூலக்கூறும் சேர்ந்த பொருட்களுக்கு இன்னொரு பெரிய வேலை காத்திருக்கிறது. சூரிய ஒளியை வாங்கி மின்சாரமாகவோ எரிபொருளாகவோ மாற்றித் தரும் வேலை. கல்லூரியில் கனிம வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் அதைப் பற்றி எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உலோக அயனியைச் சுற்றி மூலக்கூறுகள் பிணைந்த அணைவுச் சேர்மங்களின் நிறம் பற்றிய பாடத்தை முதுகலை மாணவர்களுக்குத் தொடங்கும்போது, ஒவ்வோர் ஆண்டும் இரண்டு சிறிய குப்பிகளை மேசை மீது வைப்பேன். ஒன்றில் இரும்பு அயனியுடன் மூன்று ஃபினாந்த்ரோலின் மூலக்கூறுகள் பிணைந்த செந்நிறக் கரைசல். தண்ணீரில் இரும்பின் அளவைக் கண்டறிய இளங்கலையிலேயே செய்து பழகிய அதே சிவப்பு. மற்றொன்றில் ருத்தேனிய அயனியுடன் மூன்று பைபிரிடின் மூலக்கூறுகள் பிணைந்த ஆரஞ்சு நிறக் கரைசல். அறை விளக்கை அணைத்துவிட்டுப் புறஊதாக் கைவிளக்கை இரண்டின் மீதும் காட்டினால், ருத்தேனியக் குப்பி தணல்போல் ஒளிர்கிறது. இரும்புக் குப்பி இருண்டே கிடக்கிறது. தனிம வரிசை அட்டவணையில் இரும்புக்கு நேர் கீழே இருப்பதுதான் ருத்தேனியம். இரண்டு அயனிகளிலும் ஆறு டி எலக்ட்ரான்களே உள்ளன. இருந்தும் ஏன் இந்த வேற்றுமை என்று யாராவது ஒரு மாணவர் கேட்டுவிடுவார். இத்துறையில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் உழைப்பின் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

இரண்டு கரைசல்களும் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சும் விதம் ஒன்றே. உலோகத்திலிருக்கும் ஓர் எலக்ட்ரானை ஒளியானது பக்கத்திலுள்ள கரிம ஈனிக்கு, அதாவது உலோகத்தோடு பிணைந்திருக்கும் கரிம மூலக்கூறுக்குத் தள்ளுகிறது. அதனால் வருவதே அந்த அடர்ந்த நிறம். உலோகத்தில் ஒரு குறையும் ஈனியில் ஒரு மிகையுமாக மின்னூட்டம் பிரிந்து நிற்கும் அந்தச் சிறு பொழுதில்தான் ஒளியின் ஆற்றல் மூலக்கூறுக்குள் தங்கியிருக்கிறது. அது நமக்குப் பயன்பட வேண்டுமானால், எலக்ட்ரான் பழைய இடத்துக்குத் திரும்புவதற்குள் வேறொரு பொருளுக்குக் கைமாறிவிட வேண்டும். ருத்தேனியச் சேர்மத்தில் இதற்குச் சுமார் 600 நானோ வினாடி (ஒரு நானோ வினாடி என்பது வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு) அவகாசம் கிடைக்கிறது. இரும்பில் கிடைப்பது ஏறத்தாழ 100 ஃபெம்டோ வினாடி (ஒரு ஃபெம்டோ வினாடி என்பது நானோ வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அதாவது அறுபது லட்சத்தில் ஒரு பங்கு.

காரணம், உலோகத்தின் டி எலக்ட்ரான்கள் உலவும் இடங்களான டி ஆர்பிட்டால்களின் அமைப்பில் இருக்கிறது. ஈனிகள் சூழ்ந்தவுடன் அவை ஆற்றலில் மேல், கீழ் என இரு தொகுதிகளாகப் பிளவுபடும். ருத்தேனியத்தில் இந்தப் பிளவு பெரியது, இரும்பில் சிறியது. மடை திறந்து பாய்ச்சிய நீர் வரப்பிலுள்ள நண்டு வளை வழியே பக்கத்துப் பள்ள வயலுக்கு வடிந்துவிடுவதுபோல, இரும்புச் சேர்மத்தில் ஈனிக்கு ஏறிய ஆற்றல் உலோகத்தின் தாழ்வான நிலைகளுக்குள் இறங்கி வெப்பமாகக் கழிந்துவிடுகிறது. ருத்தேனியத்தில் அந்தப் பக்கத்து வயல் மேட்டு நிலமாக இருப்பதால் நீர் தேங்கி நிற்கிறது.

1991இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பிரையன் ஓ'ரீகனும் மிக்கேல் கிரெட்சலும் வெளியிட்ட சாயச் சூரிய மின்கலம் இந்த அவகாசத்தின் மீது எழுந்த கண்டுபிடிப்பு. வெள்ளைப் பெயின்ட்டில் சேர்க்கும் அதே டைட்டானியம் டை ஆக்சைடை நுண்துகள்களாக்கி, கண்ணாடி மீது பத்து மைக்ரோமீட்டர் அளவிலான நுண்துளைப் படலமாகப் பூசி, அதில் ருத்தேனியச் சாயத்தை ஒட்ட வைத்தார்கள். ஒளி பட்ட சாயம் எலக்ட்ரானைப் படலத்துக்குள் செலுத்துகிறது. இழந்த எலக்ட்ரானை அயோடைடு கரைசல் ஈடு செய்கிறது. 7 சதவீதத்துக்கு மேல் திறன் கிடைத்தது. 1993இல் இந்தியரான முகமது நசீருதீனும் அதே ஆய்வுக்குழுவினரும் உருவாக்கிய சாயம் 10 சதவீதத்தைத் தொட்டது. தூய்மை மிகுந்த சிலிக்கானோ வெற்றிடக் கருவிகளோ இல்லாமல் இந்த அளவு கிடைத்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் ருத்தேனியம் எவ்வளவு இருக்கிறது? 1844இல் ரஷ்யாவின் கசான் நகரில் கார்ல் கிளாஸ் கண்டுபிடித்து ரஷ்யாவின் லத்தீன் பெயரையே சூட்டிய இத்தனிமம், புவி மேலோட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான் உள்ளது. பிளாட்டினம் தோண்டும்போது துணைப்பொருளாக, பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவிலிருந்து, ஆண்டுக்குச் சில பத்து டன்கள் கிடைக்கின்றன. ஒரு சதுர மீட்டர் படலத்தில் ஒட்டும் சாயத்தில் ஏறத்தாழ 0.1 கிராம் ருத்தேனியம் இருக்கும். 10 சதவீதத் திறனில் ஒரு சதுர மீட்டர் 100 வாட் தரும் என்று கொண்டால், ஒரு கிகாவாட்டுக்கு ஒரு கோடி சதுர மீட்டர் தேவை. அதாவது ஒரு டன் ருத்தேனியம். 2024இல் மட்டும் உலகில் புதிதாக நிறுவப்பட்ட சூரிய மின்திறன் 450 கிகாவாட்டுக்கும் மேல். அதை இந்தச் சாயத்தால் செய்யப் புகுந்தால் பல ஆண்டுகளின் மொத்த உற்பத்தியும் ஓர் ஆண்டுக்கே போதாது. ஒரு குப்பியில் அழகாக ஒளிர்வது வேறு, உலகின் கூரைகளை மூடுவது வேறு என்று மாணவர்களுக்குக் காட்ட இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடுவது என் வழக்கம். இரும்போ புவி மேலோட்டில் ஏறத்தாழ ஐந்து சதவீதம்.

அதனால் இரும்பைப் பயன்படுத்தும் முயற்சி புதிதல்ல. 1998லேயே அமெரிக்காவில் சூசன் ஃபெரேரும் பிரையன் கிரெக்கும் சயனைடு இணைந்த இரும்புச் சாயத்தை டைட்டானியம் டை ஆக்சைடில் ஒட்டிச் சிறிதளவு மின்னோட்டம் எடுத்துக் காட்டினார்கள். நீர் வடிவதற்குள் ஒரு கைப்பிடி அள்ளிய மாதிரி அது. உண்மையான திருப்பம் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. கென்னத் வார்ன்மார்க், வில்லி சுண்ட்ஸ்ட்ரோம், பெட்டர் பெர்சன் ஆகியோர் நைட்ரஜன் வழியே பிணையும் பழைய ஈனிகளை விட்டுவிட்டு, கார்பன் வழியே உலோகத்தை இறுகப் பற்றும் கார்பீன் ஈனிகளைக் கையில் எடுத்தார்கள். கார்பீன் தன் எலக்ட்ரான் இணையை மிக வலுவாகத் தருவதால் இரும்பின் மேல்தொகுதி ஆர்பிட்டால்கள் உயர்கின்றன. பள்ள வயலை மண் போட்டு மேடாக்கியதற்கு ஒப்பான காரியம் இது.

2013இல் அவர்கள் எட்டிய ஆயுட்காலம், அதாவது மின்னூட்டம் பிரிந்து நிற்கும் நேரம், 9 பிக்கோ வினாடி (ஒரு பிக்கோ வினாடி என்பது ஆயிரம் ஃபெம்டோ வினாடி). பழைய 100 ஃபெம்டோ வினாடியோடு ஒப்பிட்டால் அது 90 மடங்கு. 2015இல் ஒளி பட்ட இரும்புச் சாயத்திலிருந்து 92 சதவீத எலக்ட்ரான்கள் டைட்டானியம் டை ஆக்சைடுக்குள் சென்று சேர்வதை அளந்து வெளியிட்டார்கள். 2017இல் இரும்பின் மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலையிலுள்ள ஒரு சேர்மம் 100 பிக்கோ வினாடி நின்றது. அறை வெப்பநிலையில் ஒளிரவும் செய்தது. அடுத்த ஆண்டு 2 நானோ வினாடியை எட்டினார்கள். கடைசியாகச் சொன்ன இந்த இரண்டு சேர்மங்களிலும் எலக்ட்ரான் எதிர்த்திசையில், ஈனியிலிருந்து உலோகத்துக்கு நகர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனாலும் மின்னூட்டப் பிரிவு என்ற பயன் அதேதான். இரும்பு ஒளிராது என்று நான் படித்த காலத்தில் எழுதி வைத்துக்கொண்ட குறிப்பை, அந்தக் கட்டுரையைப் படித்த அன்று என் பாடக் குறிப்பேட்டிலிருந்து அடித்துவிட்டேன்.

இதனால் இரும்புச் சாய மின்கலங்கள் கடைக்கு வந்துவிட்டனவா என்றால் இல்லை. தொடக்கத்தில் செய்யப்பட்டவற்றின் திறன் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. 92 சதவீத எலக்ட்ரான்கள் உள்ளே சென்றும் ஏன் இந்த நிலை? சென்றவை அங்கே நிற்காமல் சாயத்துக்கே விரைவில் திரும்பிவிடுகின்றன. ஆயுட்காலத்தை மட்டும் நீட்டினால் போதும் என்ற எண்ணம் இந்த இடத்தில் உடைகிறது. என் கருத்தும் இங்கேதான் தொடங்குகிறது.

பச்சையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்னீசியத்தை நடுவில் வைத்த அந்தக் கரிம வளையமும் ஓர் உலோக–கரிமப் பொருளே. கரைப்பானில் கரைத்த பச்சையத்தின் கிளர்வு நிலை, அதாவது ஒளியை வாங்கி ஆற்றல் கூடிய நிலை, சில நானோ வினாடிகளே நிற்கும். லுண்ட் குழுவினரின் இரும்பு இப்போது ஏறத்தாழ அந்த அளவை எட்டிவிட்டது. ருத்தேனியத்தைவிட நூறு மடங்கு குறைந்த இந்த ஆயுளை வைத்துக்கொண்டுதான் இலை உலகுக்கு உணவு சமைக்கிறது. இலைக்குள் பச்சையம் தனியாக மிதப்பதில்லை. அடுத்த மூலக்கூறு எந்தத் தொலைவில், எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதைப் புரதம் நிர்ணயித்திருக்கிறது. அதனால் சில பிக்கோ வினாடிகளில் எலக்ட்ரான் முதல் கை மாறி, அடுத்தடுத்த கைகளுக்குச் சென்று, திரும்பி வரமுடியாத தொலைவை அடைந்துவிடுகிறது. மறுமுனையில் நான்கு மாங்கனீசும் ஒரு கால்சியமும் ஐந்து ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு சிறு கொத்து, தண்ணீரிலிருந்து எலக்ட்ரான்களை எடுத்து ஈடு செய்கிறது. அக்கொத்தின் வடிவத்தை 1.9 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) துல்லியத்தில் 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். முழுப் பயிரின் கணக்கில் சூரிய ஆற்றலின் ஓரிரு சதவீதமே உயிர்ப்பொருளாகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த முதல் கைமாற்றத்தில் ஏறத்தாழ ஒன்றும் வீணாவதில்லை.

ஆகவே மலிவான உலோகத்தின் குறுகிய ஆயுளுக்கு மருந்து, அதைச் சுற்றியுள்ள பொருட்களின் வரிசையில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நோபல் பரிசு பெற்ற கட்டமைப்புகள் இங்கேதான் பொருந்துகின்றன. 1989இல் ராப்சன் செம்பு அயனிகளைக் கரிமத் தண்டுகளால் கோத்துக் காட்டிய நாளிலிருந்து, அணுக்களைக் குறித்த தொலைவில் நிறுத்துவதுதான் இத்துறையின் கைத்திறன். 1999இல் யாகியின் குழு உருவாக்கிய புகழ்பெற்ற கட்டமைப்பில் துத்தநாகக் கொத்துகளை இணைப்பது, பெட் பாட்டில் செய்யப் பயன்படும் டெரிப்தாலிக் அமிலம். அதே அமிலத்தை டைட்டானியத்துடன் கோத்து வெர்சாய் நகரின் லவாய்சியர் நிறுவனத்தில் செய்த வெண்ணிறக் கட்டமைப்பு புறஊதா ஒளியை மட்டுமே வாங்கும். அமிலத்தில் ஓர் அமினோ தொகுதியைச் சேர்த்தால் மஞ்சளாகி, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் வாங்கும். ஒளி வாங்குவது ஓர் இடம், வினை நடப்பது இன்னோர் இடம், இடையிலுள்ள தொலைவு நம் கையில் என்ற இந்த வசதி கரைசலில் கிடைக்காது. குறையும் உண்டு. இவற்றில் பல மின்சாரத்தைக் கடத்துவதில்லை. சில ஈரக் காற்றிலேயே குலைந்துவிடும்.

இத்துறைக் கட்டுரைகளில் என்னை மிகவும் வருத்தும் ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒளியால் ஹைட்ரஜன் எடுத்தோம், கரியமில வாயுவை ஃபார்மேட்டாக மாற்றினோம் என்று தலைப்பில் எழுதிவிட்டு, செய்முறைப் பகுதியில் ட்ரைஎத்தனாலமீன் சேர்த்ததை ஒரே வரியில் குறிப்பிட்டுவிடுகிறார்கள். அது தன்னைச் சிதைத்துக்கொண்டு எலக்ட்ரான் தரும் பொருள். நான் மேலே சொன்ன மஞ்சள் கட்டமைப்பைக் கொண்டு 2012இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்விலும் அதுதான் எலக்ட்ரானைத் தந்தது. வினையின் ஒரு பாதியைத் தனியே பிரித்துப் படிப்பதற்கு இது நியாயமான வழி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எலக்ட்ரான் தண்ணீரிலிருந்து வராதவரை அதை ஆற்றல் மாற்றம் என்று எண்ணுவது கணக்காகாது. ஒரு கிலோ ட்ரைஎத்தனாலமீன் செய்யச் செலவான ஆற்றலையும் ஏட்டில் எழுத வேண்டும். ஒரு கிராம் வினையூக்கி ஒரு மணி நேரத்தில் இத்தனை மைக்ரோமோல் தந்தது என்ற எண்களைப் போட்டியாக அடுக்குவதைவிட, எத்தனை ஃபோட்டான்கள் உள்ளே சென்றன, எத்தனை எலக்ட்ரான்கள் வெளியே வந்தன, பத்து நாள் வெயிலுக்குப் பின் கட்டமைப்பு எப்படி இருந்தது என்று எழுதுவதே மதிப்புள்ளது.

சிலிக்கான் பலகைகள் 20 சதவீதத்துக்கு மேல் தரும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இரண்டு. கூரை மேல் மின்சாரத்துக்குச் சிலிக்கானே போதும். அதோடு போட்டியிட வேண்டிய தேவை இல்லை. ஆனால் ஒளியை நேரே வேதிப் பிணைப்பாக மாற்றுவதற்கு மூலக்கூறு வேண்டும். இன்னொன்று, வீட்டுக்குள் விழும் மங்கிய ஒளி. 2017இல் மரீனா ஃபிரைடாக் குழுவினர் அயோடைடுக்குப் பதில் செம்பு அணைவுச் சேர்மத்தைக் கரைசலில் வைத்துச் செய்த சாய மின்கலம், 1000 லக்ஸ் அறை ஒளியில் 28.9 சதவீதம் தந்தது. அந்தக் கலத்தின் சாயத்தில் உலோகமே கிடையாது. மலிவான செம்பு, எலக்ட்ரானை ஏந்திச் செல்லும் வேலையை மட்டும் செய்தது. எந்த வேலையை எந்த உலோகத்திடம் கொடுப்பது என்று சரியாகப் பிரித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் சிலர் இதைப் படிக்கக்கூடும். புதிதாக இன்னொரு ருத்தேனியச் சாயம் செய்து இன்னொரு கட்டமைப்பில் நுழைப்பதை விட்டுவிட்டு, இரும்பு, செம்பு, மாங்கனீசு ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். எலக்ட்ரான் வெளியேறும் வேகத்தோடு, அது திரும்பி வரும் வேகத்தையும் முதல் ஆண்டிலேயே அளந்துவிடுங்கள். ஃபெம்டோ வினாடி லேசர் நம் கல்லூரியில் இல்லையே என்று தயங்க வேண்டாம். இத்தகைய அளவீடுகளுக்கென்றே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் அதிவேக நிகழ்வுகளுக்கான தேசிய மையம் ஒன்று அமைக்கப்பட்டிருக்கிறது. மாதிரியைத் தூய்மையாகச் செய்து, ஈரம் படாமல் மூடி, என்ன அளக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.