கோட்டையைப் பார்த்தது போதும், தொழுவத்தைப் பாருங்கள்

வட இங்கிலாந்தின் நியூகாசிலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் மறுநாள் காலையில் ஆனிக் கோட்டைக்குப் போயாக வேண்டும். கார் ஓட்டுபவன் நான் என்பதால் எனக்கும் தப்ப வழியில்லை. கோட்டையின் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. 1309 முதல் பெர்சி குடும்பத்தின் கையில் இருக்கிறது, இன்றும் அவர்கள்தான் குடியிருக்கிறார்கள். ஆனால் வாசல் மதில்மேல் நின்று நம்மை மிரட்டும் கல் வீரர்கள் இருக்கிறார்களே, பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டில் அலங்காரத்துக்கு ஏற்றி வைத்தவர்கள். பயமெல்லாம் தீர்ந்த பிறகு வைத்த கொலு.

நிஜமான பயத்தைப் பார்க்க வேண்டுமானால் மேற்கே, டார்செட் பள்ளத்தாக்கில் உள்ள பிளாக் மிடன்ஸுக்கு வாருங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். பெரிய மண்டபமா என்று கேட்கிறார்கள். இல்லை, மாட்டுத் தொழுவம் என்றதும் பேச்சு மாறிவிடுகிறது.

இந்த இடங்களெல்லாம் இருக்கும் நார்த்தம்பர்லாந்து, ஸ்காட்லாந்தை ஒட்டிய இங்கிலாந்தின் எல்லை மாவட்டம். 1603இல் இரு நாடுகளுக்கும் ஒரே அரசர் வரும்வரை, ஏறக்குறைய 300 ஆண்டுகள், இங்கே மாடு கவர்வதுதான் குளிர்காலத் தொழில். கவர்ந்தவர்களுக்கு ரீவர் என்று பெயர். இரு பக்கமும் அதே கதைதான். ஆங்கிலேயன் ஆங்கிலேயனிடமே திருடியதும் உண்டு. நமக்கு இது புதிதா என்ன? வெட்சியும் கரந்தையும் படித்தவர்கள்தானே. மாட்டைப் பறிகொடுத்தவன் ஆறு நாட்களுக்குள் எல்லை தாண்டித் துரத்திப்போய் மீட்கச் சட்டமே இடம் கொடுத்தது. துரத்துகிறவர்கள் ஈட்டி முனையில் எரியும் கரிமண் கட்டியைச் செருகிக்கொண்டு போவார்கள். பிளாக்மெயில் என்ற சொல் பிறந்ததும் இந்தப் பக்கத்தில், கொள்ளைக்காரர்களுக்குக் கட்டிய கப்பத்திலிருந்துதான்.

இப்படிப்பட்ட ஊரில் பிரபு கோட்டை கட்டுவான். கொஞ்சம் வசதியுள்ள விவசாயி என்ன செய்வான்? பாஸ்டில் வீடு கட்டினான். பிளாக் மிடன்ஸ் அப்படிப்பட்ட 16ஆம் நூற்றாண்டு வீடு. கீழே மாடுகள், மேலே மனிதர்கள். சுவரின் கனம் ஒரு மீட்டருக்கும் மேல். இப்போது மாடிக்கு வெளியே கற்படி இருக்கிறது, அது பிற்காலத்தில் வைத்தது, அன்றைக்கு ஏணிதான். இருட்டியதும் ஏணியை மேலே இழுத்துக்கொண்டால் அன்றைய பாடு முடிந்தது. கூரை போய்விட்ட அந்த வீட்டுக்குள் நின்று சன்னலைப் பாருங்கள். வெளிச்சத்துக்காக வைத்த சன்னல் என்று சொல்ல வாய் வராது, அவ்வளவு சிறியது. இதே வகை வீடுகள் சிலவற்றில் கதவுக்கு மேலே ஒரு துளையும் உண்டு. கீழே கதவுக்குத் தீ வைத்தால் மேலிருந்து தண்ணீர் ஊற்றி அணைப்பதற்கு. அந்தத் துளையை முதலில் பார்த்த அன்று, மேலே குடத்தோடு உட்கார்ந்திருந்தவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாதிரியாருக்கும் விலக்கில்லை. கார்பிரிட்ஜ் தேவாலயத்தின் பக்கத்திலேயே அவர் ஒளிந்துகொள்ள ஒரு கோபுரவீடு நிற்கிறது. பழைய ரோமானிய நகரத்தின் கற்களைப் பெயர்த்துக் கட்டியது. அங்கிருந்து சற்றுத் தொலைவில்தான் எய்டன் கோட்டை. வெறும் மாளிகையாகத் தொடங்கியது. எல்லையில் போர் மூண்டதும் 1305இல் அரசரிடம் உரிமம் வாங்கி மதில் எழுப்பினார்கள். பத்தே ஆண்டில் ஸ்காட்லாந்துப் படை அதையும் பிடித்துவிட்டது.

கடைசியாக க்ராக்சைட் மாளிகையைச் சொல்லாவிட்டால் வீட்டில் சண்டை வரும், மனைவிக்குப் பிடித்த இடம். பீரங்கி வியாபாரத்தில் செழித்த வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங் கட்டியது. உலகிலேயே நீர்மின்சாரத்தில் விளக்கு எரிந்த முதல் வீடு என்ற பெயர் அதற்குண்டு. மதில் கிடையாது, அகழி கிடையாது, பெரிய பெரிய கண்ணாடிச் சன்னல்கள். 1583இல் டைன் பள்ளத்தாக்கில் புகுந்து மில்பர்ன் குடும்பத்தாரைச் சூறையாடிய ரீவர் கின்மாண்ட் வில்லியின் குடும்பப் பெயரும் ஆர்ம்ஸ்ட்ராங்தான். உறவா என்று கேட்காதீர்கள், பெயர்ப் பொருத்தத்தை மட்டும் ரசியுங்கள். ஒருவர் மாட்டுக்காக ஊர் ஊராகப் போனார். மற்றவர் வீட்டுக்கு சயாம் அரசரும் பாரசீக ஷாவும் தாங்களே வந்தார்கள்.

பிளாக் மிடன்ஸுக்கு டிக்கெட் இல்லை, தேநீர்க் கடையும் இல்லை. பிளாஸ்க்கில் காபி எடுத்துக்கொள்ளுங்கள், சேறு தாங்கும் காலணி போட்டுக்கொள்ளுங்கள். போன முறை மழைக்கு நான் ஒதுங்கப் போனபோது ஒரு செம்மறி எனக்கு முன்பே கீழ்த்தளத்தில் இடம் பிடித்திருந்தது. நான் சுவரோரமாக நின்றுகொண்டேன்.