வெக்கைக்கு ஐந்து ஸ்டார், புழுக்கத்துக்கு எத்தனை?

ஜூலை மாதம் டெல்லியில் எனக்கு வரும் ஏசி புகார்களில் பாதி, ரிப்பேரே இல்லாத ரிப்பேர். "ஓடுது, ஆனா கூலிங் இல்ல" என்பார்கள். போய்ப் பார்த்தால் ஃபில்டர் சுத்தமாக இருக்கும், கேஸ் பிரஷர் சரியாக இருக்கும், வெளியே வரும் காற்று 14 டிகிரி காட்டும். அறை 25 டிகிரி. ஆனால் வீட்டுக்காரர் பனியன் முதுகோடு ஒட்டிப்போய் உட்கார்ந்திருப்பார். "கேஸ் ஏத்திட்டுப் போங்க" என்று அவரே வைத்தியமும் சொல்லிவிடுவார். ஏற்றிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போகிறவர்களும் எங்கள் தொழிலில் உண்டு. அது வேறு கதை.

பத்தொன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இந்த விஷயம் எனக்கு முழுசாக உறைத்தது போன வருடம் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து மயூர் விஹாரில் எங்களோடு மூன்று மாதம் இருந்தபோதுதான். மே மாதம் வெளியே 43 டிகிரி. அம்மா கூலர் முன்னால் கட்டிலைப் போட்டுக்கொண்டு, "இது போதும்டா, ஏசி எதுக்கு தண்டத்துக்கு" என்றாள். ஜூலையில் வெளியே 34 டிகிரிதான். அதே கூலர், அதே கட்டில். "என்னடா இது, இட்லிப் பானைக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள்.

ஒன்பது டிகிரி குறைந்த பிறகு அவஸ்தை கூடியிருக்கிறது. அம்மாவுக்கு இதில் குழப்பமே இல்லை. மே மாதத்தது வெக்கை, ஜூலையில் வருவது புழுக்கம். இந்திக்காரர்களும் லூ வேறு, உமஸ் வேறு என்றுதான் சொல்வார்கள். ஏசி மேல் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளுக்கு மட்டும்தான் இரண்டும் ஒன்று.

முதலில் கூலரைப் பார்ப்போம். அது மண்பானை செய்யும் அதே வேலையைத்தான் மோட்டார் வைத்துச் செய்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். மின்சாரக் கணக்கில் சொன்னால் ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. ஒன்றரை டன் ஏசி இழுக்கும் வெப்பம் 5.3 கிலோவாட். (டன் என்றால் ஏசியின் எடை இல்லை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது என்ன வெப்பத்தை உறிஞ்சுமோ அது. ஐஸ் விற்ற காலத்துக் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.) ஆக, மணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் குடிக்கிற கூலர், காற்றிலிருந்து எடுக்கும் வெப்பத்தில் ஒன்றரை டன் ஏசிக்குச் சமம். கரண்ட் மட்டும் சுமார் 200 வாட். ஏசிக்கு 1,500 வாட் வேண்டும். அந்த வெப்பமெல்லாம் அறையிலிருந்து போவதில்லை, உள்ளே வரும் வெளிக்காற்றிலிருந்துதான் போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் எதிர் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்கிறோம். ஜன்னலை அடைத்துவிட்டு கூலரைத் திட்டுகிறவர்கள் அனேகம்.

ஆனால் கூலரின் எல்லையை வைப்பது காற்றிலிருக்கும் ஈரம். தெர்மாமீட்டரின் முனையில் ஈரத்துணி சுற்றி விசிறினால் எந்த அளவுக்கு இறங்குமோ, அதற்குக் கீழே எந்தக் கூலராலும் போக முடியாது. இதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். மே மாதம் 43 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் அது 23-க்குப் பக்கத்தில் நிற்கும். நல்ல பேடு போட்ட கூலர் 27 டிகிரிக் காற்றைக் கொடுக்கும். வெட்டிவேர் பேடாக இருந்தால் வாசனை இலவசம், இங்கே கஸ் என்பார்கள். ஜூலையில் 34 டிகிரி, ஈரப்பதம் 70 என்றால் ஈரக்குமிழே 29. கூலர் கொடுப்பது 30 டிகிரிக் காற்று, அதுவும் ஈரம் சொட்டச் சொட்ட. அம்மா சொன்ன இட்லிப் பானை அதுதான். சென்னையில் கூலர் வாங்கி ஏமாந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, அப்போது ஏசி போட்டுக்கொள்ள வேண்டியதுதானே? போட்டோம். ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டர். 24-ல் வைத்தேன். அரை மணி நேரத்தில் 24 வந்துவிட்டது. கடையில் வாங்கிய சின்ன ஈரப்பத மானி 71 என்றது. அம்மா புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கு ராத்திரி, ஏசியிலிருந்து தண்ணீர் வெளியேறும் டிரெயின் பைப்பின் கீழே ஒரு சொம்பை வைத்தேன். ஃபேன் ஃபுல் ஸ்பீடு, 24 டிகிரி. ஒரு மணி நேரத்தில் அரைச் சொம்பு. பிறகு ஃபேனை லோவில் போட்டேன். அடுத்த ஒரு மணி நேரத்தில் சொம்பு நிறைந்து வழிந்தது. மானி 58-க்கு இறங்கியது. அறை அதே 24 டிகிரி. அம்மா தூங்கிவிட்டாள்.

காரணம் எளிது. ஏசிக்கு உள்ளே இருக்கும் காயில் (குளிர்க் குழாய்ச் சுருள்), காற்றின் பனிநிலைக்கு, அதாவது அதிலிருக்கும் ஈரம் தண்ணீராக மாறத் தொடங்கும் வெப்பநிலைக்குக் கீழே குளிர்ந்தால்தான் தண்ணீர் படியும். 24 டிகிரி, 70 சதவீதம் என்றால் அந்தப் பனிநிலை 18 டிகிரி. இன்வெர்ட்டர் ஏசி, அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸரை மெதுவாக்கிவிடும், காயில் அவ்வளவு சில்லென்று இருக்காது. கரண்ட் மிச்சம், நல்லதுதான். ஸ்டார் கூட வேண்டும் என்றால் காயிலைப் பெரிசாக்குவார்கள், காயில் பெரிசானால் அதை அவ்வளவு குளிரவைக்கத் தேவையில்லை. அதுவும் நல்லதுதான். இரண்டும் சேர்ந்தால் ஈரத்தை எடுக்கிற வேலை குறைந்துபோகிறது. ஸ்டார் ஏற ஏறப் புழுக்கத்தைக் கவனிக்க ஆளில்லை.

ஏசியைச் சோதிக்கிற ஆய்வக அறையை நினைத்துப் பாருங்கள். உள்ளே 27 டிகிரி, ஈரக்குமிழ் 19. அதாவது ஈரப்பதம் 50-க்கும் கீழே. வெளியே 35 டிகிரி. இதிலிருந்து வெளியே 24 முதல் 43 டிகிரி வரை கணக்குப் போட்டு, வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்து, ஸ்டார் கொடுக்கிறார்கள். எடுத்த ஈரம் மொத்தக் குளிர்ச்சிக் கணக்கில் கரைந்துவிடும், தனியாகத் தெரியாது. அளவிடுவதே லேசான வேலை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். 2024 மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று நாடே அலறியது. பிறகு பார்த்தால் கருவி மூன்று டிகிரி கூட்டிக் காட்டியிருக்கிறது. ஆனால் ஏசி விஷயத்தில் கருவி தப்பில்லை, எதை அளக்கிறோம் என்பதில்தான் தப்பு.

2025 ஜூனில் மின்துறை அமைச்சர் மனோகர் லால் கட்டர், ஏசியை 20-க்குக் கீழே வைக்க முடியாதபடி விதி வரும் என்று அறிவித்தார். முகநூலில் ஒரே சண்டை. ஒரு பக்கம் "என் வீடு, என் ரிமோட்". இன்னொரு பக்கம் "பணத்திமிர்". 18-ல் வைத்துவிட்டு ரஜாய் போர்த்திக்கொண்டு படுக்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். பலருக்கு வேண்டியது குளிர் இல்லை, வறட்சி. ஈரத்தை எடுக்க அவர்களுக்குத் தெரிந்த ஒரே பட்டன் அது. கம்ப்ரஸர் முழு மூச்சில் ஓடினால் புழுக்கம் போகும், கூடவே விறைக்கவும் செய்யும், அதற்கு ரஜாய். 2024 ஜூன் 19 அன்று டெல்லியின் மின்தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டதே, அதில் இந்த ரஜாய்க் கணக்கு எவ்வளவோ! விதி போடட்டும், நான் எதிர்க்கவில்லை. 26 டிகிரியில் புழுக்கத்தை எடுக்கிற மிஷினையும் சேர்த்துக் கேட்கட்டும்.

அப்படி ஒன்றும் நடக்காத காரியமில்லை. இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து 2018-ல் குளோபல் கூலிங் பிரைஸ் என்று ஒரு போட்டி வைத்தார்கள். சாதாரண ஏசியைவிடப் பருவநிலைப் பாதிப்பு ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டும், அறையில் 27 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் தாண்டக் கூடாது. இரண்டாவது நிபந்தனைதான் எனக்கு முக்கியம். 2021-ல் டைகின், கிரீ இரண்டு அணிகளும் ஜெயித்தன. ஹைதராபாத் பொச்சாரத்தில் இன்ஃபோசிஸ் 2011-ல் ஒரு கட்டடத்தை இரண்டு சம பாதியாகப் பிரித்து, ஒன்றில் வழக்கமான ஏசியும் இன்னொன்றில் கான்கிரீட்டுக்குள் குழாய் பதித்துக் குளிர்ந்த நீரை ஓட விடும் முறையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தது. குழாய்ப் பாதிக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் குறைவு. அங்கே ஈரத்தைக் கவனிக்க, வெளிக்காற்றை உலர்த்தி உள்ளே விடும் மிஷின் தனி. வெக்கைக்கு ஒரு ஆள், புழுக்கத்துக்கு இன்னொரு ஆள்.

உப்பு ஜாடியில் நாலு அரிசி போட்டு வைத்த பாட்டிக்குத் தெரிந்த வித்தைதான் சிலிகா ஜெல் சக்கரமும். ஈரத்தை அது உறிஞ்சும், வெயில் சூட்டிலோ வீணாகும் சூட்டிலோ அதைக் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம். முன்னால் சக்கரம், பின்னால் கூலர் என்று வைத்தால் ஜூலையிலும் கூலர் வேலை செய்யும். வீட்டுக்கு வாங்குகிற விலையில் இன்னும் வரவில்லை. பெல்டியர் சில்லு (கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும்) வைத்த குட்டி ஃபிரிட்ஜ் விளம்பரங்களைப் பார்த்து "கம்ப்ரஸர் காலம் முடிஞ்சுதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: பெல்டியர் அந்த விளைவைக் கண்டதும், ஜேக்கப் பெர்கின்ஸ் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜுக்குக் காப்புரிமை வாங்கியதும் ஒரே வருடம், 1834. இன்றுவரை கம்ப்ரஸர்தான் ஜெயிக்கிறது.

நான் கேட்பது சின்ன விஷயம். லேபிளில் ஸ்டார் பக்கத்தில் இன்னொரு எண். வெளியே 34 டிகிரி, உள்ளே 26, ஈரப்பதம் 70 என்று வைத்து, மணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் எடுக்கிறது என்று அச்சடித்தால் போதும். கடையில் நிற்கும் அம்மாவுக்கும் அது புரியும்.

அதுவரை சொம்புதான் கதி. உங்கள் வீட்டிலும் டிரெயின் பைப்பின் கீழே ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். ஃபேன் ஸ்பீடு, செட் செய்த டிகிரி, எந்த ஊர், எத்தனை சொம்பு, நான்கையும் கமெண்டில் போடுங்கள். அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடாதீர்கள், எங்கள் பால்கனிக் கறிவேப்பிலை ஜூலை முழுக்க அதைக் குடித்துத்தான் தழைக்கிறது.