பிப்ரவரியில் தொய்ந்துபோகிற பிள்ளை

அக்கா பையன் இந்த வருடம் பத்தாம் வகுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை திருப்பாதிரிப்புலியூரில் அக்கா வீட்டுக்குப் போனபோது கணக்குப் புத்தகம் மடியில் விரிந்து கிடந்தது, அவன் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"படிக்கவே பிடிக்கல மாமா. எவ்ளோ படிச்சாலும் முடிய மாட்டேங்குது."

உள்ளேயிருந்து அக்கா ஆரம்பித்துவிட்டாள். "கேட்டியா பேச்ச? இன்னும் ஒரு மாசம்கூட இல்ல. இப்ப வந்து பிடிக்கலயாம்!"

அக்கா சொன்னதில் தப்பில்லை. ஆனால் பையன் சொன்ன 'முடிய மாட்டேங்குது' என்ற சொல்தான் எனக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஜூனில் ஓட ஆரம்பித்தவன். காலாண்டு, அரையாண்டு, அப்புறம் ஒன்று மாற்றி ஒன்று திருப்புதல் தேர்வு. நம் கடலூர் மாவட்டத்துக்கென்றே இருக்கிற மழை லீவு வேறு. நவம்பர், டிசம்பரில் புயல் சின்னம் என்று செய்தி வந்தாலே பிள்ளைகள் குதிப்பார்கள். அந்த லீவுக்கெல்லாம் வட்டி சேர்த்து ஜனவரியிலும் பிப்ரவரியிலும் சனிக்கிழமை வகுப்பாகக் கட்டுகிறார்கள். ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் 2024 டிசம்பரில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்த வருடம் பத்தாவது எழுதிய பிள்ளைகளைக் கேட்டுப்பாருங்கள், சொல்வார்கள். இவ்வளவும் ஓடி வந்தவனைப் பிப்ரவரியில் பார்த்து 'சோம்பேறி' என்கிறோம்.

இதில் பள்ளிகள் செய்வது ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ஜனவரி பிறந்ததுமே பத்தாம் வகுப்புக்கு பி.டி. பீரியடை எடுத்துவிட்டார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம், அது ஒன்று மட்டும்தான் அப்படி என்றில்லை. வாரத்தில் ஓடி விளையாடக் கிடைத்த அந்தக் கொஞ்ச நேரமும் கணக்குக்குப் போயிற்று. காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், வீட்டுக்கு வந்தால் டியூஷன். இவ்வளவுக்கும் பிறகு ஒரு ஊக்கப் பேச்சாளரைக் கூப்பிட்டு, 'உன்னால் முடியும்' என்று இரண்டு மணி நேரம் பேச வைக்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரம் பந்து கொடுத்திருக்கலாம்.

நான் பன்னிரண்டாவது எழுதியது 2012 மார்ச்சில். எங்கள் செட்டை இந்தப் பக்கத்தில் 'தானே செட்' என்றே சொல்வார்கள். 2011 டிசம்பர் 30, விடியற்காலை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது தானே புயல். அப்போது நாங்கள் நெல்லிக்குப்பம் பக்கம் கிராமத்தில் இருந்தோம். ஓடு பறந்து, இயற்பியல் நோட்டு ஊறிப் பணியாரம் மாதிரி ஆகிவிட்டது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, பரீட்சையைப் பற்றிக் கவலைப்படவே கூச்சமாக இருந்தது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை.

அந்த நேரத்தில் எங்களுக்கு யாரும் ஊக்கப்பேச்சுப் பேசவில்லை. டியூஷன் சார் ஒருவர் திண்ணையில் உட்கார வைப்பார். இருட்டிவிட்டால் ஒன்றும் தெரியாது என்பதால் நாலரையிலிருந்து ஆறு மணி வரைதான் நேரம். "புதுசா எதுவும் நடத்த மாட்டேன். தெரிஞ்சதுல பத்து கணக்கு, போட்டுட்டுக் கெளம்பு." அவ்வளவுதான். பத்தும் போட்டு முடித்தவன் நோட்டை மூடிக் காட்டிவிட்டுப் போகலாம். ஐந்தே முக்காலுக்கு முடித்துவிட்டு சைக்கிளை எடுத்த நாள் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வருடம் முழுக்க 'முடிந்தது' என்று ஒரு வேலையைக் கீழே வைத்தது அந்த மாதத்தில்தான். 1200க்கு 871 வாங்கினேன். பெரிய மார்க் கிடையாது. ஆனால் ஜனவரியில் நான் இருந்த நிலைமைக்கு அது எனக்குப் பெரிசு.

அதனால் ஞாயிறன்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பேப்பர் கேட்டேன். பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒரு மார்க் கேள்வி 14. கடைசியில் எட்டு மார்க் இரண்டு, ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். 14ம் 16ம் சேர்த்தால் 30. தேர்ச்சிக்கு 35. "இன்னும் ஒரு அஞ்சு மார்க் கணக்கு போட்டா நீ பாஸ்டா" என்றதும் ஃபேனிலிருந்து கண் கீழே இறங்கியது. அவன் பாஸ் ஆகிற பையன்தான், எண்பதுக்கு மேல் வாங்குவான். ஆனாலும் பயத்துக்கு அடியில் ஒரு தரை இருக்கிறது என்று காட்ட வேண்டியிருந்தது. வடிவியலில் தொடுகோடு, வடிவொத்த முக்கோணம் என்று ஏழெட்டு நாளில் கை பழகிவிடும். அன்றைக்கு ஒரே ஒரு வேலை: ஓர் இருபடிச் சமன்பாட்டு வரைபடம். நாற்பது நிமிடத்தில் முடித்தான். அளவுத்திட்டம் எழுத மறந்திருந்தான், அது வேறு விஷயம்.

இன்னொன்றும் கவனித்தேன். அறிவியலையும் சமூக அறிவியலையும் அவன் மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டே இருக்கிறான். வாசிப்பதற்கு முடிவே கிடையாது, நாலாவது தடவையும் தெரிந்த மாதிரிதான் இருக்கும். 2006ல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால், திரும்ப வாசித்தவர்களுக்குத்தான் கூடுதலாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கதை தலைகீழ். பக்கத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நம் பிள்ளைகளோ இரவு பன்னிரண்டு வரை வாசித்துவிட்டு, நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து மறுபடி வாசிக்கிறார்கள். அந்த வயதுக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். இதை அக்காவிடம் சொன்னேன். "நீ தூங்குனதாலதான் 871" என்றாள். பதில் இல்லை.

எல்லை தாண்டினாலும் இதே கதைதான். பாகூரில் சித்தப்பா பேத்தி புதுச்சேரி அரசுப் பள்ளியில் படிக்கிறாள். முன்பு அங்கேயும் நம் பாடத்திட்டம், இப்போது சிபிஎஸ்இ. புத்தகம் மாறியிருக்கிறது. பிப்ரவரி வந்தால் முகம் மட்டும் இங்கே மாதிரியேதான்.

பொதுத்தேர்வு இல்லாத பிள்ளைகளைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்பது என் தனிப் புலம்பல். ஏழாவது, ஒன்பதாவது படிக்கிறவர்களுக்கு மார்ச் மாதம் பள்ளி ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். ஆசிரியர்கள் தேர்வு அறைப் பணிக்கும் விடைத்தாள் திருத்தவும் போய்விடுகிறார்கள். வகுப்பில் இருப்பது வெயிலும் காலி பீரியடும்தான். ஒன்பதாவதில் அப்படி நழுவிப்போன கடைசி இரண்டு மாதத்தைப் பத்தாவதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நூலகப் புத்தகமாவது கையில் கொடுத்து, முடித்துவிட்டுக் கதை சொல்லச் சொல்லலாம். யாருக்கு நேரம்?

சரி, பையன் கதைக்கு வருகிறேன். வரைபடம் முடிந்ததும் பைக்கில் ஏற்றி சில்வர் பீச் கூட்டிப்போனேன். ஒரு மணி நேரம். சுண்டல் சாப்பிட்டான், அலையில் நின்றான், பரீட்சையைப் பற்றி நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. திரும்பும்போது மஞ்சக்குப்பம் சிக்னலில் அவனாகவே, "மாமா, நாளைக்குத் தொடுகோடு போட்டுட்டு போட்டோ அனுப்பவா?" என்றான். அனுப்பினான். வட்டம் கொஞ்சம் கோணல்.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் தீர்த்தவாரி. ஊர் ஊராகச் சாமிகள் கடலுக்கு வரும். அன்று காலை இரண்டு மணி நேரம் அவனைக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பதிவைப் பார்த்துத்தான் அவளுக்கே தெரியும்.