பிலிப் கே. டிக் ‘பிளேட் ரன்னர்’ படத்தை வெறுத்தாரா?

அறிவியல் புனைகதை எழுத்தாளர் பிலிப் கே. டிக் இறந்த நாளான மார்ச் 2 வந்தால் போதும், அவரை நினைவுகூரும் ரசிகர்களே இதையும் சேர்த்துப் பரப்புகிறார்கள்: தன் நாவலை வைத்து எடுத்த ‘பிளேட் ரன்னர்’ படத்தைப் பார்த்துவிட்டு அவர் வெறுத்தாராம். தப்பு. முழுப் படத்தை அவர் பார்க்கவே இல்லை, பக்கவாதம் வந்து 1982 மார்ச்சில் இறந்தார், படம் வெளியானதோ ஜூன் 25. கோபம் இருந்தது உண்மைதான், ஆனால் அது ஆரம்பத் திரைக்கதை மேல். அப்புறம் திருத்தி எழுதியதைப் படித்து மனம் மாறினார். 1981 அக்டோபரில் டிவியில் சில காட்சிகளைப் பார்த்த கையோடு தயாரிப்பு நிறுவனத்துக்குப் பாராட்டிக் கடிதமே எழுதினார். ஐம்பதுகளில் மலிவுப் பத்திரிகைகளுக்குச் சொற்பக் காசுக்கு எழுதித் தள்ளிய மனுஷன், தன் 1968 நாவல் தியேட்டரில் ஓடுவதைப் பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை.