நடந்துபோகும் தூரத்தில் ஒரு சபை

கொழும்பில் வீடு மாறப்போகும் கிறிஸ்தவக் குடும்பம் எதையெல்லாம் விசாரிக்கும் என்று எனக்குத் தெரியும். எத்தனை மாத முற்பணம், தண்ணீர் ஒழுங்காக வருமா, பிள்ளையின் பாடசாலைக்கு வான் உண்டா, மழை பெய்தால் ஒழுங்கையில் வெள்ளம் நிற்குமா, வாகனம் நிறுத்த இடம் இருக்கிறதா. எல்லாம் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் "அந்த ஒழுங்கையில் நம்முடைய சபையார் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டு வீடு பார்த்தவர்களை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். எங்கே இருந்தாலும் ஞாயிறு காலையில் ஆலயத்துக்கு வந்துவிடலாம் என்ற நினைப்பு நமக்குள் அவ்வளவு ஊறிவிட்டது. ஐக்கியத்தைப் பற்றி எத்தனை பிரசங்கங்கள் கேட்டாலும், இந்த நினைப்பு மாறாதவரை இந்த நகரத்தில் அது கைகூடாது என்று உறுதியாக நம்புகிறேன். சேர்ந்து வாழவேண்டுமானால் முதலில் பக்கத்தில் வாழவேண்டும்.

நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று தடவை நம்முடைய ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவம் ஆட்டங்கண்டது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் நீர்கொழும்பு கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. ஹோட்டல்களில் இறந்தவர்களையும் சேர்த்து 250 பேருக்கு மேல் மாண்டார்கள். அடுத்த ஞாயிறு ஆலயக் கதவுகள் மூடியிருந்தன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கொழும்பில் அது மே மாதக் கடைசிவரை நீடித்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் பெற்றோல் இல்லை, எரிவாயு இல்லை, நாளில் பாதிக்கும் மேல் மின்சாரமும் இல்லாத நாட்கள் இருந்தன. இந்த மூன்று தடவையும் சபை என்பது கைத்தொலைபேசித் திரைக்குள் சுருங்கியது. திரையில் ஜெபம் கேட்கும், பாட்டும் கேட்கும். தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் எரிவாயு தீர்ந்துபோய், விறகு மூட்டவும் இடமில்லாமல் தனியாக இருந்த மூதாட்டிக்கு அந்தத் திரை வழியாக ஒரு கோப்பை வெந்நீர் கொடுக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரரால் முடிந்தது. பல இடங்களில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் இந்துவாகவோ முஸ்லிமாகவோ பௌத்தராகவோ இருந்தார். அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். அதே வேளை, ஒரே அப்பத்தைப் பிட்டு உண்ணும் நாம் எங்கே போனோம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

இந்த விடயத்தில் கத்தோலிக்கச் சகோதரர்களிடம் நாம் கற்கவேண்டியது நிறைய உண்டு. அவர்களுடைய பங்குக்கு, அதாவது ஓர் ஆலயத்தின் கீழ் வரும் பகுதிக்கு, எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குள் அன்பியங்கள் இருக்கின்றன. அன்பியம் என்பது அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் கூட்டம். எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. செபமாலையோடு முடிந்துபோகிறவையும் உண்டு. ஆனால் அமைப்பின் அடிப்படை சரி. நீ இருக்கும் இடத்தில் யார் இருக்கிறாரோ அவரே உன் சகோதரர் என்று அது சொல்கிறது. நம் புரட்டஸ்தாந்து சபைகளிலோ ஊர்ப் பழக்கத்தால், குடும்ப வழியால், பிடித்த போதகரின் பிரசங்கத்தால் ஆலயத்தைத் தெரிவுசெய்கிறோம். வெள்ளவத்தைக்காரர் கொட்டாஞ்சேனைக்கும் கொட்டாஞ்சேனைக்காரர் வெள்ளவத்தைக்கும் ஒருவரையொருவர் கடந்துபோகிறார்கள்.

ஆச்சிரமம் ஒன்று அமைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நம் மண்ணில் அதற்கு நல்ல முன்னோடிகள் இருந்திருக்கிறார்கள். திருப்பத்தூரில் 1921 இல் சவரிராயன் ஜேசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும் சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் மருதனார்மடத்துக் கிறிஸ்த சேவா ஆச்சிரமம் 1939 இல் சேவக் செல்வரத்தினத்தால் தொடங்கப்பட்டது. குருநாகல் மாவட்டத்தில் இப்பாகமுவையில் 1957 இல் யோஹான் தேவானந்தா அடிகள் தேவசரணாராமயவை அமைத்து, சுற்றியிருந்த விவசாயிகளோடு வாழ்ந்தார். இவர்களை வணக்கத்தோடு நினைக்கிறேன். ஆனால் இவை கிணறும் தோட்டமும் மரநிழலும் உள்ள இடங்களில் எழுந்தவை. கொழும்பில் ஒரு பேர்ச் காணியின் விலையைக் கேட்டுவிட்டு யாரும் ஆச்சிரமக் கனவோடு வீடு திரும்புவதில்லை. மேலும் நம்மில் பெரும்பாலோர் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை வளர்ப்பவர்கள், வயோதிபப் பெற்றோரைப் பார்ப்பவர்கள். நமக்குத் தேவைப்படுவது எல்லோரும் ஒரே கூரைக்குள் இருப்பதன்று. ஒரே ஒழுங்கையில், அல்லது பத்து நிமிட நடைக்குள், தெரிந்தே குடியேறித் தெரிந்தே தங்கியிருப்பதுதான். ஆதிச் சபையும் எருசலேம் என்ற நெரிசலான நகரத்தில்தானே தொடங்கியது? "வீடுகள்தோறும் அப்பம் பிட்டு" என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்வது நகரத்து வீடுகளைத்தான்.

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் எங்களில் சில குடும்பங்களும் சில இளைஞர்களும் அப்படி வாழ்ந்து வருகிறோம். பெயர்ப்பலகை இல்லை, தனிப் பெயரும் இல்லை. எல்லோரும் அவரவர் சபைக்குத்தான் ஞாயிறு போகிறோம். வியாழன் இரவு சேர்ந்து சாப்பிடுகிறோம். இடியப்பமும் சொதியும் சம்பலும்; சில வாரம் பாணும் பருப்பும். சமைக்கும் வீடு மாறும், நாள் மாறாது. நாள் மாறாமல் இருப்பதுதான் முக்கியம் என்பேன். "வசதிப்படும்போது சந்திப்போம்" என்பவர்கள் கொழும்பில் சந்திப்பதே இல்லை.

நேரத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். முதலில் ஏழு மணி என்றுதான் பேச்சு வந்தது. குடும்பங்களுக்கு அது வசதி, பிள்ளைகள் நேரத்துக்குத் தூங்கலாம். ஆனால் புடவைக் கடையிலும் புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகளிலும் வேலை செய்யும் ஹற்றன், தலவாக்கலை, பதுளை போன்ற மலையக ஊர்களின் இளைஞர்கள் கடை பூட்டி வர எட்டரை ஆகும். கொரிந்து சபையில் இதே சிக்கல் இருந்தது. முந்தி வந்தவர்கள் உண்டு முடித்தார்கள்; மற்றவர்கள் பசியோடு இருந்தார்கள். பசித்திருந்தவர்கள் வேலை முடித்துப் பிந்தி வந்த ஏழைகளாகத்தான் இருக்கவேண்டும் என்று விளக்குவோர் பலர். பவுல் கோபத்தோடு எழுதிய அந்த அதிகாரத்தை நாம் திருவிருந்துக்கு முன் வாசிக்கிறோம். அதன் முடிவில் வரும் "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்ற கட்டளையை மட்டும் கவனிப்பதில்லை. எங்கள் வீடுகளில் கடைசியாக வருகிறவர் கை கழுவிய பிறகுதான் ஜெபம். குழந்தைகளுக்கு முன்னதாகவே ஊட்டிவிடுகிறோம். சின்ன ஏற்பாடுதான், ஆனால் யாருடைய நேரத்துக்கு யார் வளைவது என்பதில் ஒரு சபையின் நெஞ்சம் முழுவதும் தெரிந்துவிடும்.

கொழும்புத் தமிழ்ச் சபைகளில் நாம் வெளிப்படையாகப் பேசாத விடயம் இங்கேதான் வருகிறது. யாழ்ப்பாணத்தார், தேயிலைத் தோட்டப் பகுதிகளிலிருந்து வந்த மலையகத்தார், தலைமுறைகளாகக் கொழும்பிலேயே இருப்பவர்கள். ஒரே பாமாலைப் புத்தகம், ஒரே கீர்த்தனை, ஒரே திருவிருந்துப் பாத்திரம். ஆலயம் கலைந்ததும் மூன்று வட்டமாக நின்று பேசுகிறோம். கடையில் வேலை செய்யும் பையனை ஞாயிறு "தம்பி" என்று அழைக்கும் முதலாளி அவனுடைய அறை எங்கே இருக்கிறது என்று அறியமாட்டார். 1948 இல் மலையக மக்களின் பிரஜாவுரிமை பறிபோனபோது நம்மில் வசதியானவர்கள் எவ்வளவு குரல் கொடுத்தோம் என்பது நெடுங்கதை. சாதியும் ஒழிந்துவிடவில்லை, திருமணப் பேச்சு தொடங்கும்போது அது கதவைத் தட்டுகிறது. எருசலேம் சபையிலும் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டார்கள். முறைப்பாடு வந்தபோது அப்போஸ்தலர்கள் "ஒற்றுமையைக் குலைக்காதீர்கள்" என்று வாயை மூடவில்லை. ஏழு பேரைத் தெரிவுசெய்து பந்தியை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் பக்கத்தாரிடமே பொறுப்பைக் கொடுத்தார்கள் என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். எங்கள் பொதுப் பணத்தின் கணக்கை இப்போது மலையகத்திலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் வைத்திருக்கிறார்கள். அறைக்கு முற்பணம் கட்ட வழியில்லாமல் தவிப்பது எப்படி என்று அவர்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

பொதுப் பணம் என்றவுடன் பலர் பயப்படுகிறார்கள். நிலம் விற்ற பணத்தில் ஒரு பகுதியை மறைத்துப் பொய் சொன்னதால் விழுந்து இறந்த அனனியா, சப்பீராள் தம்பதியின் கதையைச் சொல்லி உள்ளதெல்லாம் கேட்டுவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பகுதியை நிதானமாக வாசியுங்கள். விற்கும்முன் நிலம் உன்னுடையது, விற்ற பிறகும் பணம் உன் கையில்தான் இருந்தது என்று பேதுருவே சொல்கிறார். தண்டனை பொய்க்குத்தான், வைத்துக்கொண்டதற்கன்று. ஆகவே கொடுப்பதில் கட்டாயம் இல்லை. கணக்கில் பொய் இல்லை. மாதம் ஒருமுறை வரவும் செலவும் வாசிக்கப்படும், பெற்றவரின் பெயர் வாசிக்கப்படாது.

இன்னொரு பயம் இருக்கிறது. அது வேறு வகையானது. வெளியாளை வீட்டில் தங்கவைக்கத் தமிழ்க் குடும்பங்கள் தயங்குவதை விருந்தோம்பல் குறைவு என்று எளிதாகச் சொல்லிவிடக்கூடாது. போர்க் காலத்தில் வீட்டில் இருப்பவர்களின் பெயர்களைப் பொலிஸில் பதியவேண்டியிருந்தது. ஊரிலிருந்து வந்த மருமகன் ஓர் இரவு தங்கினாலும் பதில் சொல்லவேண்டும். 2007 ஜூன் 7 அன்று விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றிக் கொழும்பிலிருந்து வெளியேற்றினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 1983 இனக்கலவரத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் கதவைத் திறந்துவைப்பது ஒரு துணிவு. அந்தத் துணிவைத் தனிக் குடும்பத்திடம் கேட்பது கொடுமை. ஒரே ஒழுங்கையில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து நின்றால் அதைக் கேட்கலாம்.

வேற்று மத அயலாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாட்டில் கிறிஸ்தவர்களாகிய நாம் நூற்றுக்குச் சுமார் ஏழு பேர். வீடுகளில் கூடி ஜெபிப்பதைச் சந்தேகத்தோடு பார்ப்பவர்கள் உண்டு. புதிய வழிபாட்டிடங்களுக்கு முன்அனுமதி வேண்டும் என்ற 2008 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டிச் சிறு சபைகளை மூடச்சொன்ன இடங்களும் உண்டு. அந்த அநியாயத்தை எதிர்க்கவேண்டும். அதே அழுத்தத்தோடு நமக்குள்ளும் ஒன்றைச் சொல்லவேண்டும். சோற்றுப் பொதியோடு துண்டுப்பிரசுரம் கொடுக்காதீர்கள். பசியில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்வது அன்பாகாது. யாராவது நம்மிடம் ஏன் இப்படி வாழ்கிறீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் இயேசுவின் பெயரைச் சொல்வோம். கேட்கும்வரை அயலாராக இருப்பதே போதும்.

கூட்டு வாழ்வில் எனக்குப் பெரிய கவலை தருவது தலைமைதான். பிரான்சில் 1964 இல் மனவளர்ச்சி குன்றியவர்களோடு ஒரே வீட்டில் வாழத் தொடங்கி, உலகெங்கும் பரவிய லார்ஷ் இல்லங்களை உருவாக்கியவர் ழான் வனியே. அவரைப் புனிதராகவே பலர் மதித்தார்கள். அவர் மறைந்த மறு ஆண்டு, 2020 பெப்ரவரியில், ஆறு பெண்களையாவது அவர் ஆன்மிக ஆலோசனையின் போர்வையில் பாலியல் ரீதியாகச் சுரண்டியிருந்தார் என்று லார்ஷ் அமைப்பே ஏற்பாடு செய்த விசாரணை வெளிப்படுத்தியது. அந்த இல்லங்களில் நடந்த நற்பணி பொய்யில்லை. ஆனால் ஒருவரைக் கேள்விக்கு அப்பால் தூக்கிவைத்ததால் அந்தப் பெண்கள் பட்ட துன்பமும் பொய்யில்லை. நம் ஊரில் "தேவ ஊழியர்" என்ற சொல்லுக்கு முன்னால் எல்லோரும் வாய் பொத்துகிறோம். எனவே பொறுப்புகள் சுற்றிவரவேண்டும், விதிகள் எழுத்தில் இருக்கவேண்டும், முறையிடுவதற்குக் குழுவுக்கு வெளியே ஒருவர் இருக்கவேண்டும், அவர் பெண்ணாக இருந்தால் மிக நல்லது. பிள்ளைகளோடு பெரியவர் யாரும் மூடிய அறையில் தனியே இருக்கக்கூடாது. விலக விரும்புகிறவர் குற்றவுணர்வு இல்லாமல் விலகிப்போகும் வழியும் வேண்டும். இவற்றை ஏற்காத கூட்டத்தில் எவ்வளவு உருக்கமான ஆராதனை நடந்தாலும் சேராதீர்கள்.

எல்லோரும் வெளிநாடு போய்க்கொண்டிருக்கும்போது எங்கே ஒழுங்கையில் வேரூன்றுவது என்று கேட்பீர்கள். போகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை; 2022 க்குப் பிறகு போனவர்களின் கணக்கு அவரவர் வீட்டுச் சோற்றுப் பானையில் எழுதியிருக்கிறது. ஆனால் அவர்கள் விட்டுச்செல்லும் பெற்றோர் இங்கேதான் இருக்கிறார்கள். மூன்று அறை வீட்டில் ஒரு தாய். பத்து நிமிடத் தூரத்தில், காற்றில்லாத அறையில் நாலு இளைஞர்கள். இந்த இரண்டையும் சேர்த்துவைக்கச் சபை ஒன்றால்தான் முடியும். தரகர் அதைச் செய்யமாட்டார்.

சபைகளிடம் நேரடியாக ஒரு வேண்டுகோள். கொழும்பின் பழைய ஆலயங்கள் பலவற்றுக்கு வளவும் மிஷன் காலத்துக் கட்டடங்களும் உண்டு. கிழமை முழுவதும் பூட்டிக் கிடக்கும் மண்டபங்கள், குருமனைக்குப் பின்னால் பயன்படாத அறைகள், ஞாயிறு காலை மட்டும் வாகனங்கள் நிற்கும் நிலம். அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் யாராவது எழுந்து, இவற்றில் ஒரு பகுதியைக் குறைந்த வாடகையில் தொழில் செய்யும் இளையோருக்கும் தனித்திருக்கும் முதியோருக்கும் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். பதில் "பார்ப்போம்" என்று வந்தால் குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள். வருட முடிவில் வாடகை ஒப்பந்தம் முடிகிறவர்கள், வெள்ளவத்தைப் பக்கமாகப் பார்க்க விரும்பினால், எனக்கு எழுதுங்கள். எந்த ஒழுங்கையில் யார் இருக்கிறார்கள் என்று சொல்கிறேன். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, தெமட்டகொடைப் பக்கம் இப்படி வாழ ஆயத்தமாக இருப்பவர்கள் கருத்துப் பகுதியில் பகுதியின் பெயரை மட்டும் போடுங்கள், ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.